ஆயுத பூஜையும் ஆயிரத்து நூறு டிகிரியும்

மச்சான்,

மலாக்கா மாநிலம், மெர்லிமாவ் வட்டாரம், நம் தாமான் குடியிருப்பில் வாழும் பொதுமக்கள் அனைவருக்கும் ஆழ்ந்த துயரத்துடன் அறிவிக்கப்படுவது யாதெனில்: அடியேனின் மீசையின் வலது பாகம் நேற்றுக் காலை தீ விபத்தில் சிக்கி அகால மரணமடைந்தது. இடது பாகம் நலமாக இருக்கிறது. மலர்வளையம் வேண்டாம். பிளேடு இருந்தால் கொடுத்து உதவவும்.

சிரிக்காதே. அது முளைப்பதற்கு நான் எவ்வளவு எண்ணெய் தடவினேன் என்று உனக்குத் தெரியும். "மீசையா அது? மைலோ குடிச்சிட்டு வாய் தொடைக்கலன்னு நெனச்சேன்" என்று நீ சொன்ன நாளிலிருந்து அதற்கு ஒரு வளர்ச்சித் திட்டமே வைத்திருந்தேன்.

நேற்று ஆயுத பூஜை. மோட்டாரைக் கழுவித் துடைத்து, ஹெட்லைட்டுக்குச் சந்தனப் பொட்டு வைத்து, சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து, எல்லாம் ஒழுங்காகத்தான் செய்தேன். கற்பூரம்தான் காற்றில் நிற்கவில்லை. இரண்டு கையாலும் மறைத்துக்கொண்டு குனிந்தேன். சுர்ரென்று ஒரு சத்தம். அப்புறம் அந்த வாசனை.

முடி கருகுகிற அந்த வாசனையில் நான் வீட்டு வாசலில் இல்லை. புக்கிட் ரம்பாய் தாண்டி இருக்கும் அந்தக் கல்லூரி ஆய்வகத்தில், உலைக்கு நேரே நிற்கிறேன். பக்கத்தில் நீ. "கிட்டப் போவாதீங்கடா" என்று தேவி அக்கா சொல்லி வாயை மூடுவதற்குள் நீ உலையின் வாய்க்குள் எட்டிப் பார்த்துவிட்டாய். உன் ஒரு புருவத்தின் நுனி சுருண்டு போனது. ஆய்வகத்துக்குப் பொறுப்பான அக்கா வேலை போய்விடுமோ என்ற பயத்தில் வெளிறி நிற்கிறார். நீ புருவத்தைத் தடவிக்கொண்டே, "அடுப்பு நல்லா வேல செய்யுதுக்கா" என்று நற்சான்றிதழ் வழங்குகிறாய்.

நாம் அங்கே போனதே ஒரு பெயரால்தான். ஆறாம் படிவத்துச் செயல்திட்டத்துக்கு மற்றவர்கள் எல்லாம் தண்ணீர் வடிகட்டி, சோலார் விசிறி என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்தக் கல்லூரி பள்ளிக்கு அனுப்பியிருந்த தலைப்புகளில் ஒன்று, மெல்லிய படலத்தில் சிலிக்கான் நானோ படிகங்களை வெப்பத்தால் உருவாக்குவது. உனக்குச் சட்டென்று பிடித்துப் போனது. "நானோ?" என்று நான் கேட்டேன். "நீயோ?" என்று நீ கேட்டாய். "நானோ நீயோ, யார் பேரையாச்சும் எழுதுங்கடா, மணி அடிக்கப் போகுது" என்று ஆசிரியர் பேனாவை நீட்டினார். இரண்டு பெயரும் விழுந்தன. அறிவியல் உலகம் அன்றைக்கு எடுத்த முடிவுக்கு இன்றுவரை வருந்திக்கொண்டிருக்கலாம்.

அக்கா கொடுத்த துண்டுகள் உனக்கு நினைவிருக்கும். கட்டைவிரல் நகம் அளவு. மேலே பூசியிருந்த படலம் கண்ணுக்கே தெரியாது. சாய்த்துப் பிடித்தால் சோப்பு நுரை மாதிரி ஒரு நிறம் ஓடும், அவ்வளவுதான். மணல் என்பதே சிலிக்கானும் ஆக்சிஜனும் சேர்ந்ததுதானே, இந்தப் படலமும் அதே சரக்குதான், ஆனால் சிலிக்கானை மட்டும் கொஞ்சம் தூக்கலாகப் போட்டிருக்கிறார்கள் என்றார் அக்கா. அந்த உபரிச் சிலிக்கான் அணுக்கள் உள்ளே இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்கும். நன்றாகச் சூடு கொடுத்தால் நகரும். நகர்ந்து ஒன்றையொன்று தேடிப் பிடித்து, வரிசையாக அமர்ந்து, குட்டிக் குட்டிப் படிகங்களாகும். சரியான அளவில் அமைந்துவிட்டால், புற ஊதா வெளிச்சம் பட்டதும் சிவப்பாக ஒளிரும்.

"ஒளிருமா? மண்ணா?" என்று நீ கேட்டாய். அதற்கப்புறம் உன்னை யாராலும் நிறுத்த முடியவில்லை.

சூடு கொடுப்பதில்தான் நமக்குச் சண்டை. உலையில் வைத்து மெதுவாக ஆயிரத்து நூறு டிகிரி வரை ஏற்றி, மணிக்கணக்கில் வேகவிட்டு, மெதுவாக இறக்குவது ஒரு வழி. பக்கத்து அறையில் இருந்த விளக்கு அடுப்பில் வைத்து, பெரிய பெரிய விளக்குகளைப் பளிச்சென்று எரியவிட்டுச் சில விநாடிகளில் காரியத்தை முடிப்பது இன்னொரு வழி. லேசர் வைத்துக் கண் இமைக்கும் நேரத்தில் செய்கிறவர்களும் உண்டு என்று அக்கா சொன்னபோது நான் எழுந்து நின்று கை தட்டினேன். அந்தக் கல்லூரியில் லேசர் இல்லை. இருந்திருந்தால் மலாக்கா மாநிலமே இன்று படிகமாகியிருக்கும்.

துண்டுகளை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டோம். நான் விளக்குக் கட்சி. நீ உலைக் கட்சி. என் முதல் துண்டு வெளியே வந்தபோது படலம் முழுக்கக் கொப்புளம். படலத்துக்குள் ஹைட்ரஜன் வாயு மாட்டிக்கொண்டிருக்கும். அது வெளியேற அவகாசம் கொடுக்காமல் சட்டென்று சூடாக்கினால் வெடித்துக்கொண்டுதான் வரும். அக்கா இதை விளக்கிக்கொண்டிருக்கும்போதே நீ பூதக் கண்ணாடியை என் முகத்துக்கும் துண்டுக்கும் மாற்றி மாற்றிப் பிடித்தாய்.

"டேய், இது உன் மூஞ்சிடா. பரு கூட அதே எடத்துலலா இருக்கு."

"உன்னோடது மட்டும் என்னா? காலையில வச்சது, இன்னும் வெந்துகிட்டே இருக்கு. ஆட்டுக்கால் சூப்பா போடுற?"

"கோயில்ல சாப்பாட்டுக்குக் கூப்டா நீ எப்படி ஓடுவ? எல்லார் கால மிதிச்சி, எலைய இழுத்து, ரசத்தக் கொட்டி. அதான் உன் வெளக்கு. பந்தி ஒழுங்கா ஒக்காரணும்னா நேரம் குடுக்கணும்டா."

எனக்கு அந்த ஆயிரத்து நூறு டிகிரி விவகாரம் முழுக்கப் புரிந்தது அந்தப் பந்தியில்தான். வெளியே சொல்லவில்லை. வெளியே சொன்னது: "எனக்கு அப்பளம் ரெண்டு."

வேலை முடிந்து திரும்பும்போது வேண்டுமென்றே சுற்றிக்கொண்டு தங்கா பத்து கடற்கரைக்குப் போவோம். ஒரு நாள் நீ ஈர மணலைக் கை நிறைய அள்ளி, அங்கேயே உன் அம்மாவுக்கு வீடியோ கால் போட்டாய். "அம்மா, இங்க பாரு, மண்ணு. இத நான் எரிய வச்சிக் காட்டுறேன். நெருப்பு இல்ல, கரண்டு இல்ல, சும்மா எரியும்." அத்தை அங்கே பள்ளிக்கூடக் கேண்டீனில் பாத்திரம் கழுவிக்கொண்டே, "மொதல்ல ஈரத் துணிய ஒழுங்கா காயப் போடு, அப்பறம் மண்ண எரிக்கலாம்" என்றார். ஆனால் போனை வைப்பதற்கு முன், "எப்பப்பா காட்டுவ?" என்று கேட்டார். அது உன் காதிலும் விழுந்தது, என் காதிலும் விழுந்தது.

பிறகு போன வருஷத்து ஆயுத பூஜை. அந்த நாளை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு வலிக்கச் சிரிப்பு வரும்.

உலைக்குப் பொட்டு வைக்கலாம் என்று அக்காதான் அனுமதி கொடுத்தார். வெளிக் கதவில், இரும்பில், சின்னதாக. நாம் சந்தனம், குங்குமம், விபூதி எல்லாம் பொட்டலம் கட்டிக்கொண்டு போனோம். நான் கதவுக்குப் பொட்டு வைத்து, உலைக்கு முன்னால் நின்று, "உலையே, எங்களுக்கு உலை வைத்துவிடாதே" என்று பக்திப் பரவசத்தில் வேண்டிக்கொண்டிருந்தேன். நீ எங்கே போனாய் என்று பார்க்கவில்லை. நீ உள்ளே துண்டுகளை வைத்துத் தள்ளுகிற அந்தக் கண்ணாடித் தட்டை, குவார்ட்ஸ் தட்டை, எடுத்து வைத்துக்கொண்டு அதன் நெற்றியில், தட்டுக்கு நெற்றி எது என்று நீயே முடிவு செய்து, மூன்று விரலால் பட்டையாக விபூதி பூசிக்கொண்டிருந்தாய். வெறும் கையால்.

"கதவு என்னாடா செய்யிது? சும்மா நிக்கிது. உள்ள போயி வேகுறது இதுதானே? பூச இதுக்குத்தானே போடணும்?"

உன் நியாயத்தில் ஓட்டை இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. அக்கா வருகிற சத்தம் கேட்டதும் சட்டை நுனியால் துடைத்தாய். தட்டு பளபளவென்றுதான் இருந்தது. உன் துண்டு ஒன்றை அதில் வைத்துத்தான் உலைக்குள் அனுப்பினோம்.

மறுநாள் தட்டு வெளியே வந்தது. துண்டில் ஒன்றும் இல்லை, மங்கலாக இருந்தது. தட்டில்தான் அதிசயம். தெளிந்த கண்ணாடியில், பால் ஊற்றினாற்போல, மூன்று வெள்ளைக் கோடுகள். விரல் அகலம். ஒரு கோட்டின் ஓரத்தில் உன் விரல் ரேகைகூடத் தெரிந்தது. தேவி அக்கா இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார்.

"யார்டா இது? தட்டுக்குப் பட்டை போட்டது யாரு?"

நீ கை தூக்கினாய். நான் உன் கையை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தேன், தெளிவாகத் தெரியட்டும் என்று.

"சுத்தமா இருந்தா இந்தக் கண்ணாடி எவ்ளோ சூட்டையும் தாங்கும்டா. சாம்பல், உப்பு, கை வேர்வ ஏதாச்சும் பட்டுச்சி, அந்த எடம் மட்டும் சூட்டுல படிகமா மாறிப்போவும். மாறினது மாறினதுதான், தேய்ச்சாலும் போவாது. உங்கள சிலிக்கான படிகமாக்கச் சொன்னா, என் தட்ட படிகமாக்கி வச்சிருக்கீங்க!"

நீ தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாய். உன் முகத்தில் அப்போது வந்த மகிழ்ச்சி, பரீட்சையில் முதல் மதிப்பெண் வாங்கினவனுக்குக்கூட வராது.

"ஏதோ ஒன்னு படிகமாச்சா இல்லையாக்கா?"

அக்காவுக்குக் கோபப்பட வேண்டும் என்றுதான் ஆசை. முடியவில்லை. திரும்பி நின்று தோள் குலுங்கச் சிரித்தார்.

என் பங்குத் துண்டுகளை நான் ஏற்கனவே பொரித்துத் தள்ளியிருந்தேன். உன் பங்கில் ஒன்றுதான் மிச்சம். அடுத்த முறை ஹைட்ரஜன் கலந்த வாயுவிலும் கொஞ்ச நேரம் வைக்கலாம், அப்போதுதான் படிகங்களின் ஓரத்தில் இருக்கும் குறைகள் அடைபட்டு ஒளி வெளியே வரும் என்று அக்கா சொன்னார். நீ அந்தத் துண்டைப் பஞ்சில் சுற்றி, சின்னப் பெட்டியில் போட்டு, "இது அம்மாவுக்கு" என்றாய்.

தீபாவளிக்கு முன்னால் உனக்குக் காய்ச்சல் வந்தது. டெங்கி. மருத்துவமனையில் உன் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, "உன்னக் கடிச்ச கொசுவுக்கு இப்ப என்னா வியாதியோ" என்றேன். நீ சிரித்தாய். நான் உன்னிடம் சொன்ன கடைசி வார்த்தை அதுதான், மச்சான். இதை விடப் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லையே என்று பல நாள் நினைத்திருக்கிறேன். பிறகு, நீ சிரித்தாய் அல்லவா, போதும் என்று விட்டுவிட்டேன்.

நீ போன பிறகு அத்தையைப் பாசாரில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரே பயம். கீரைக்கட்டைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே, சும்மா கேட்பது மாதிரி கேட்பார்: "அது எரிஞ்சிச்சா தம்பி?" நான் ஏதாவது கோமாளித்தனம் செய்து தப்பிப்பேன். ஒரு தடவை கத்தரிக்காயை மைக் மாதிரி பிடித்து, "விசாரணை நடந்துகொண்டிருக்கிறது" என்று செய்தி வாசித்தேன். அத்தை சிரித்தார். கேள்வியைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

போன வாரம் தேவி அக்கா கூப்பிட்டார். உலை சில நாள் சும்மா இருக்கிறது, செய்கிறாயா என்றார். பூசிய படலம் புதிதாகக் கிடைக்காது, இந்தத் துண்டு கெட்டால் அவ்வளவுதான் என்றும் சொன்னார். அடுத்த நொடி நான் மோட்டாரில் இருந்தேன். ஹெல்மெட்டை மட்டும் பாதி வழியில்தான் மாட்டினேன். இதை அத்தையிடம் சொல்லாதே.

ஆய்வகத்தில் உன் பெட்டி அப்படியே இருந்தது. பட்டை போட்ட உன் தட்டும் அலமாரியில் இருந்தது. உன் துண்டு உன் தட்டில்தான் போக வேண்டும் என்று நான் வீட்டிலிருந்தே முடிவு செய்துகொண்டு போயிருந்தேன். அக்கா வேண்டாம் என்றார்.

"அந்த வெள்ளக் கோடு உதிரும்டா. உதிர்ந்தா பொடி நேரா படலத்து மேலதான் விழும்."

"ஒரே ஒரு தடவக்கா. அவன் தட்டுக்கா."

"எனக்குத் தெரியாதா? நீயே பாரு. அப்பறம் உன் இஷ்டம்."

கையுறை மாட்டிக்கொண்டு தட்டை எடுத்தேன். நடுக்கோட்டின் மேல் மெதுவாக ஒரு விரலை வைத்தேன். கருப்பு மேசையில் ஒரு வெள்ளைத் துணுக்கு விழுந்தது. உப்புக்கல்லை விடச் சின்னது. என் ஆசைக்கு உன் தட்டு வேண்டும். அத்தைக்கு அந்தத் துண்டு எரிய வேண்டும். இரண்டில் எது உன் விருப்பமாக இருக்கும் என்று கேட்டுப் பார்த்தேன். அப்புறம் அதிகம் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. உன் தட்டை அலமாரியில் வைத்துவிட்டு, புதுத் தட்டு ஒன்றைக் கேட்டு வாங்கினேன்.

விளக்கு அடுப்பு இருந்த பக்கம் நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என்பதை இந்த இடத்தில் பதிவு செய்துகொள். உலைதான். அதுவும் உன் பாணியில். முதலில் குறைந்த சூட்டில் நெடுநேரம், உள்ளே மாட்டியிருக்கும் வாயு சாவகாசமாகக் கிளம்பிப் போகட்டும் என்று. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, ஆயிரத்து நூறு டிகிரி. உலையின் வாய் ஆரஞ்சு நிறத்தில் இருந்தது. நான் புருவத்துக்கு மரியாதை கொடுத்துத் தள்ளியே உட்கார்ந்திருந்தேன். உள்ளே அணுக்கள் நகர்ந்துகொண்டிருக்கும், ஒன்று இன்னொன்றுக்கு இடம் விட்டு, இலை போட்டு, உட்கார்ந்துகொண்டிருக்கும் என்று நினைத்தபோது எனக்குக் காலே தரையில் நிற்கவில்லை. "என்னாடா, பாத்ரூம் போவணுமா?" என்று அக்கா கேட்டார். பந்தி நடக்குதுக்கா என்றேன். அவருக்குப் புரியவில்லை. உனக்குப் புரியும்.

இறக்கும்போதும் அவசரப்படவில்லை. தானாக ஆறவிட்டோம். அதற்கடுத்த நாள் ஹைட்ரஜன் கலந்த வாயுவில், மிதமான சூட்டில், ஒரு கடைசி ஊறல். நேற்று மாலை எல்லாம் முடிந்து துண்டு வெளியே வந்தது. ஆமாம், ஆயுத பூஜையன்றே. நான் திட்டம் போடவில்லை, உலை போட்டது.

அத்தையை நான்தான் மோட்டாரில் ஏற்றிக்கொண்டு போனேன். பாதி மீசையோடு வந்து நின்ற என்னைப் பார்த்து, "எந்தக் கடையில வெட்டின? காச திருப்பிக் கேளு" என்றார். மடியில் அக்காவுக்கென்று கடலைச் சுண்டல் தூக்கு. புக்கிட் ரம்பாய் சிக்னலில் நின்றபோது, "எரியலன்னாலும் பரவால்லப்பா" என்றார். பச்சை விழுந்ததும் நான் மோட்டாரை முறுக்கினேன்.

ஜன்னல் இல்லாத அந்தச் சின்ன அறை. அக்கா கதவைச் சாத்தி விளக்கை அணைத்தார். கடைக்காரர்கள் கள்ள நோட்டுப் பார்க்கிற டார்ச், நீ வாங்கி வைத்ததுதான், என் கையில். அழுத்தினேன்.

எரிந்தது, மச்சான்! சத்தியமாக எரிந்தது! நகம் அளவு துண்டு, ஊதா வெளிச்சத்துக்கு நடுவில், சிவப்பும் ஆரஞ்சும் கலந்த ஒரு நிறத்தில். அடுப்புக் கங்கு மாதிரி, ஆனால் தொட்டால் ஜில்லென்றிருந்தது. டார்ச்சைத் தள்ளினால் அணையும், கிட்டக் கொண்டுவந்தால் எரியும். தேவி அக்கா கத்திய கத்தில் பக்கத்து அறையிலிருந்து ஆள் ஓடி வந்தது. நான் அந்த நெருக்கடியான அறையில் ஆடிய ஆட்டத்தில் தூக்கு கவிழ்ந்து சுண்டல் எல்லாம் தரையில். இத்தனை வேலையையும் தனி ஆளாக நின்று, கண் இமைக்காமல் செய்து முடித்தவன் யார்? மலாக்கா மாநிலத்தின் இளம் விஞ்ஞானி, அரை மீசை வேந்தன், அடியேன். மனித குலத்தில் அந்த ஒளியை முதன்முதலில் கண்ட கண்கள் இவைதான் என்று வருங்காலத்தில் கல்வெட்டு வைப்பார்கள்.

துண்டு இப்போது அத்தையிடம் இருக்கிறது. டார்ச்சோடு சேர்த்து. நேற்றிரவே பக்கத்து வீட்டுக்காரர்களையெல்லாம் கூப்பிட்டு விளக்கை அணைக்கச் சொல்லியிருக்கிறார். உன் தட்டு அக்காவின் மேசையில் பேனா வைக்கிற தட்டாகிவிட்டது. பார்க்கிறவர்களிடம் எல்லாம் அந்த மூன்று கோட்டின் கதையைச் சொல்லி, ஒவ்வொரு தடவையும் கோபமாக ஆரம்பித்துச் சிரித்து முடிக்கிறார். என்னிடம் மிஞ்சியிருப்பது உன் நிதானம்தான். அதைக் கேட்காமல் எடுத்துக்கொண்டேன். இப்போதெல்லாம் சோற்றைக்கூட மென்றுதான் தின்கிறேன். அம்மா உடம்பு சரியில்லையா என்று நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறார்.

இவ்வளவு அளந்த பிறகு ஒன்றைச் சொல்லாமல் விட்டால் எனக்கே உறுத்துகிறது. முதலில் பார்த்த கண்கள், கல்வெட்டு என்றெல்லாம் எழுதினேனே, அது புளுகு. டார்ச்சை அழுத்தியவன் நான்தான். ஆனால் அழுத்தும்போதே இரண்டு கண்ணையும் இறுக்கி மூடிக்கொண்டுவிட்டேன். எரியாமல் போனால் இந்த முறை எந்தக் கத்தரிக்காயைப் பிடித்துக்கொண்டு செய்தி வாசிப்பது என்று தெரியவில்லை, மச்சான். அறையில் யாருமே பேசவில்லை. சரி, போச்சு என்றுதான் நினைத்தேன். அப்போது யாரோ என் காதைப் பிடித்துத் திருகினார்கள். அந்த ஊதா வெளிச்சத்தில் என் மூஞ்சி தெரிந்திருக்கிறது.

"டேய், கண்ணத் தொறடா," என்றார் அத்தை. "எரியுதுடா. என் புள்ள சொன்னது எரியுது."

அதற்கப்புறம்தான் திறந்தேன்.